கிளி காய் பழத்தில் தகராறு செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வீட்டுக் கிளிக்குக் காயும் பழமும் கொடுக்கத் தொடங்கியவர்கள் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தொடவே மாட்டேன் என்கிறது, திராட்சையை மட்டும் பொறுக்கித் தின்கிறது, எச்சம் தண்ணீராகப் போகிறது. உடனே பயந்துபோய்ப் பழத்தை நிறுத்திவிட்டு, பழையபடி தினைக்கும் சூரியகாந்தி விதைக்கும் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். விதையை மட்டுமே தின்று வாழும் கிளிகளுக்குக் கொழுப்பேறிய ஈரலும் வைட்டமின் ஏ குறைபாடும் வழக்கமாக வரும் நோய்கள். இரண்டும் சத்தமில்லாமல் முற்றுபவை. காயையும் கீரையையும் பாதியில் கைவிடாமல் இருந்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடியவை.

இங்கே சொல்லப்போவது கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கும் பட்ஜி, காக்டெயில், ஆப்பிரிக்க லவ் பேர்ட், கோனூர், சாம்பல் கிளி ஆகியவற்றைப் பற்றி. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மரத்திலிருந்து விழுந்த குஞ்சு கையில் கிடைத்தாலும் வனத்துறையிடம் சேர்ப்பதுதான் முறை. சாம்பல் கிளி, கோனூர் போன்று சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுக் கிளிகளை வளர்ப்பவர்கள், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

எதைச் சரிசெய்வதற்கும் முன்னால்: தராசும் வெள்ளைத்தாளும்

தீனிக் கிண்ணத்தைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கிளி காயைக் கொத்தும், நசுக்கும், உதறும், கீழே தள்ளும். கிண்ணம் காலியாகியிருக்கும், வயிற்றுக்குள் ஒன்றுமே போயிருக்காது. விதையிலும் இதே கதைதான். உமி மேலே மிதப்பதைப் பார்த்து "தீனி நிறைய இருக்கிறது" என்று நினைத்துக்கொள்வோம், அடியில் ஒரு விதைகூட இருக்காது.

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் கிளி முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன், தினமும் அதே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். பட்ஜி ஏறக்குறைய 30 முதல் 40 கிராம், காக்டெயில் 80 முதல் 100, சாம்பல் கிளி 400 முதல் 500 இருக்கும். ஆனால் இந்தப் பொதுக் கணக்கைவிட உங்கள் பறவையின் வழக்கமான எடை எது என்பதுதான் உங்களுக்கு உதவும். அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், என்ன பழக்கப்படுத்திக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டுப் பழைய தீனியைக் கொடுத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும். 90 கிராம் காக்டெயில் 9 கிராம் இளைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. இறகு மூடிவிடும். தராசு மட்டுமே சொல்லும்.

கூண்டின் அடித்தட்டில் வெள்ளைத்தாள் விரித்து வையுங்கள். கிளியின் எச்சத்தில் மூன்று பகுதிகள் உண்டு. புழுப்போல் சுருண்டிருக்கும் பச்சை அல்லது பழுப்பு நிறப் பகுதி மலம். அதன்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும் வெள்ளைப் பகுதி யூரேட் என்ற சிறுநீர் உப்பு. தாளில் வட்டமாக ஊறிப் பரவும் நிறமற்ற நீர் சிறுநீர். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே விடை கிடைத்துவிடும்.

காய், பழம் எதையும் தொடவே இல்லை

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியதும் இதுதான்.

குஞ்சாக இருந்தபோது எதைத் தின்று பழகியதோ அதை மட்டுமே உணவு என்று கிளி நம்பும். கடையில் தினையைப் பார்த்தே வளர்ந்த பட்ஜிக்கு, ஒரு துண்டு கேரட் என்பது கூண்டுக்குள் வந்து விழுந்த அந்நியப் பொருள். அதைக் கண்டு மூலைக்கு ஒதுங்குவது பிடிவாதத்தால் அல்ல, பயத்தால். ஆகவே முதல் வாரத்தில் தின்ன வைக்க முயலாதீர்கள். பார்த்துப் பழகட்டும், போதும். வழக்கமான விதைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், தினமும் அதே இடத்தில், காய் இருக்கட்டும்.

அடுத்து, வைக்கும் விதத்தைக் கவனியுங்கள். பட்ஜியும் காக்டெயிலும் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் தரையில் இறங்கி மேயும் பறவைகள். உயரத்தில் தொங்கும் கிண்ணத்தைவிட, அடித்தட்டில் வைத்த தட்டையான தட்டில் பொடியாகத் துருவிய கேரட்டைத் தூவி, மேலே கொஞ்சம் தினையைத் தெளித்தால், தினையைப் பொறுக்கும்போது கேரட்டும் அலகில் ஒட்டும். அந்த ஈரமும் சுவையும் அதற்குப் புதிது. அலகைக் கம்பியில் தேய்த்துத் துடைத்துக்கொள்ளும், மறுபடியும் வரும். இந்த இரண்டுக்கும் காலால் உணவைப் பிடித்துத் தின்னும் வழக்கம் பொதுவாக இல்லை. பெரிய துண்டு போட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிடும். சாம்பல் கிளிக்கும் கோனூருக்கும் நேர்மாறு. அவை ஒற்றைக் காலில் பிடித்துக் கடித்து உதறித் தின்பதில்தான் மகிழ்ச்சி அடையும். பீன்ஸை முழுசாக, குடைமிளகாயை நீளக் கீற்றாக, மக்காச்சோளத்தைக் கதிரோடு வட்டமாக நறுக்கிக் கொடுங்கள்.

கீரையைக் கிண்ணத்தில் போடாதீர்கள். வாடிச் சுருண்டு கிடக்கும் கீரையை எந்தக் கிளியும் சீண்டாது. ஒரு கைப்பிடி கொத்தமல்லியையோ முருங்கைக் கொத்தையோ நன்றாக அலசி, தண்ணீர் சொட்டச் சொட்டத் துணிக் கிளிப்பால் கூண்டின் மேல் கம்பியில் தொங்கவிடுங்கள். பட்ஜி முதலில் அதைத் தின்ன வராது. தலையை நுழைக்கும், முதுகை இலையில் தேய்க்கும், இறகெல்லாம் நனைந்து சிலிர்த்துக் குளிக்கும். பிறகு இலை நுனியில் தங்கிய துளியைக் குடிக்கும். அப்படிக் குடிக்கும்போது ஓரத்தில் ஒரு சின்னக் கடி விழும். மறுநாள் இலையில் ஊசியால் குத்தியதுபோல் வரிசையாகத் துளைகள் தெரியும். தொடங்கிவிட்டது என்று பொருள்.

விதையிலிருந்து காய்க்கு நடுவில் ஒரு படி வேண்டும் என்றால் முளைகட்டிய பச்சைப்பயறைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியவில்லை. பார்க்க விதை மாதிரியே இருக்கும், தின்றால் காய் மாதிரி இருக்கும். முளை தலைகாட்டியதும் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் மூன்று நான்கு முறை அலசி, முகர்ந்து பாருங்கள். லேசாகப் புளித்த வாடை வந்தாலும் குப்பைக்குப் போகட்டும். ராஜ்மா போன்ற பெரிய பயறு வகைகளைப் பச்சையாகவோ முளைகட்டியோ கொடுக்கக் கூடாது. நன்றாக வேகவைத்தால்தான் அவற்றில் உள்ள நச்சுப்பொருள் போகும்.

வைக்கும் நேரமும் முக்கியம். இரவில் விதைக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, காலையில் பசியோடு இருக்கும்போது காயை முதலில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அளந்த விதையைக் கொடுங்கள். அதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். "பசித்தால் தானே தின்னும்" என்று நாள் முழுவதும் பட்டினி போடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். பட்ஜி போன்ற சின்னப் பறவை ஓரிரு நாள் பட்டினியிலேயே செத்துப்போகும். தாளில் எச்சம் சிறுத்து, எண்ணிக்கை குறைந்து, கரும்பச்சையாக மாறினால் அது தின்னவில்லை என்று அர்த்தம். உடனே விதையை வையுங்கள்.

இன்னும் ஒன்று. கிளி கூட்டமாகத் தின்னும் பறவை, அதற்கு இப்போது நீங்கள்தான் கூட்டம். அதன் முன்னால் உட்கார்ந்து அதே வெள்ளரித் துண்டை நீங்கள் கடித்துத் தின்னுங்கள். கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும். உங்கள் வாயில் பட்டதைக் கொடுக்காமல், தட்டிலிருந்து தனியாக ஒரு துண்டை நீட்டுங்கள். மனித எச்சிலில் உள்ள கிருமிகள் கிளிக்கு ஆகாது.

பழம் மட்டும் வேண்டும், காய் வேண்டாம்

திராட்சை, ஆப்பிள், வாழைப்பழம். நம் வீடுகளில் கிளிக்குப் போகும் மூன்று பழங்களும் இவைதான். மூன்றிலும் சர்க்கரை உண்டு, கிளிக்கு மிகவும் தேவைப்படும் வைட்டமின் ஏ சொற்பம். பழம் கொடுக்கிறோம் என்ற நிம்மதி நமக்கு வந்துவிடும், குறைபாடு அப்படியே இருக்கும்.

நாள் உணவில் பழம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. காயும் கீரையும் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். மீதி பெல்லட் எனப்படும் குருணை வடிவத் தயார் தீவனமும் அளவான விதையும். பழத்தைப் பரிசாக மாற்றிவிடுங்கள். காலையில் காய், மாலையில் கையால் இரண்டு மாதுளை முத்து. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்து வைத்தால் இனிப்பை மட்டும் பொறுக்குவதற்கு நாமே பயிற்சி கொடுப்பதாகிவிடும்.

பழம் கொடுப்பதென்றால் பப்பாளி, மாம்பழம், கொய்யா என்று சத்துள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். காய்களில் சற்று இனிப்பானவற்றிலிருந்து தொடங்கினால் வழிக்கு வரும்: வேகவைத்து ஆறிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பரங்கிக்காய், பச்சைப் பட்டாணி, இளம் சோளம். பிறகு கேரட், அவரை, புடலை, முருங்கைக்கீரை.

பச்சை மிளகாய் கொடுக்கலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. தாராளமாகக் கொடுக்கலாம். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் பறவைகளின் நரம்புக்கு உறைப்பதில்லை. காட்டில் மிளகாய் விதையைப் பரப்புவதே பறவைகள்தான். காயை வெறுக்கும் கிளிகூட மிளகாயைக் கிழித்து விதையை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்னும். பல வீடுகளில் முதல் வெற்றி மிளகாயில்தான் கிடைக்கிறது.

எச்சம் தண்ணீராகப் போகிறது

தாளைப் பாருங்கள். நடுவில் மலம் உருக்குலையாமல் சுருண்டிருக்கிறது, சுற்றிலும் நீர் வளையம் மட்டும் பெரிதாகியிருக்கிறது என்றால் அது வயிற்றுப்போக்கு அல்ல. தர்பூசணி, வெள்ளரி, திராட்சை தின்ற கிளி கூடுதல் நீரைச் சிறுநீராக வெளியே தள்ளுகிறது. நீர்ச்சத்து மிகுந்தவற்றை நிறுத்திவிட்டு வழக்கமான தீனி கொடுத்தால் சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். இதற்காகக் காய் பழத்தை அடியோடு நிறுத்துவது தேவையற்றது.

மலப்பகுதியே கரைந்து, மூன்று பகுதிகளும் கலங்கிச் சேறாகக் கிடந்தால், அல்லது மலத்துளையைச் சுற்றி இறகு அழுக்காகி ஒட்டியிருந்தால், அது உண்மையான வயிற்றுப்போக்கு. கெட்டுப்போன தீனி, அழுக்குத் தண்ணீர், கிருமி என்று காரணம் பல இருக்கலாம். வீட்டு வைத்தியம் வேண்டாம். தயிர்சாதம் கொடுத்தால் நிற்கும் என்பார்கள். கிளிக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் இல்லை. பாலில் நனைத்த பிஸ்கட் வயிற்றுப்போக்கைக் கிளப்பும். புத்தம்புதிதாகப் போட்ட ஒரு எச்சத்தைப் பிளாஸ்டிக் தாளில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

பழத்தை நிறுத்தி ஒரு நாள் ஆகியும் நீர் வளையம் குறையவில்லை, கிளி வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது என்றாலும் பழத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் சோதிக்க வேண்டியிருக்கும்.

எச்சத்தின் நிறம் மாறிவிட்டது

நேற்று என்ன கொடுத்தீர்கள்? பீட்ரூட் என்றால் சிவப்பு. நாவல்பழம் என்றால் கருநீலம். கீரை அதிகம் போனால் அடர்பச்சை. பீட்ரூட் தின்ற கிளியின் தாளைப் பார்த்து ரத்தம் என்று நினைத்துப் பதறியவர்கள் ஏராளம். அந்தக் காயை நிறுத்தி மறுநாள் தாளை மாற்றிப் பாருங்கள். நிறம் போயிருக்க வேண்டும்.

கவலைப்பட வேண்டிய நிறங்கள் வேறு. வெள்ளையாக இருக்க வேண்டிய யூரேட் மஞ்சளாகவோ எலுமிச்சைப் பச்சையாகவோ மாறினால் ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். கிளமிடியா என்ற நுண்ணுயிரால் வரும் கிளிக்காய்ச்சலிலும் இப்படி ஆகும். அது மனிதருக்கும் தொற்றும். ஆகவே கூண்டைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் அணியுங்கள், தூசி பறக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். மலம் தார்போல் கறுத்துப் பிசுபிசுத்தால் குடலுக்குள் ரத்தக்கசிவு இருக்கலாம். விதை செரிக்காமல் முழுசாக வெளியே வந்தால் வயிறும் அரைவைப்பையும் வேலை செய்யவில்லை. இந்த மூன்றில் எதுவும் காயால் வருவதில்லை, எதற்கும் நாளை வரை காத்திருக்கவும் கூடாது.

தின்றதைக் கக்குகிறது

தலையை மேலும் கீழும் நிதானமாக ஆட்டி, தின்றதைச் சேர்த்துவைக்கும் தீனிப்பையிலிருந்து எடுத்த உணவை உங்கள் விரலுக்கோ கண்ணாடிக்கோ துணைக்கோ கொடுக்கிறது என்றால் அது நோயன்று. இணைக்கு ஊட்டும் இயல்பு. கண்ணாடியை எடுத்துவிடுங்கள், போதும்.

தலையைப் பக்கவாட்டில் வேகமாக உதறி, உணவு நாலாபுறமும் தெறித்து, உச்சந்தலை இறகில் ஒட்டிக் காய்ந்திருந்தால் அது வாந்தி. புளித்த காய், தீனிப்பையில் பூஞ்சைத் தொற்று, நச்சு ஆகியவை முக்கியக் காரணங்கள். கழுத்துக்குக் கீழே தீனிப்பை காலையிலும் வீங்கியிருக்கிறதா, வாயில் புளிப்பு வாடை அடிக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

காய் வைத்த இடத்தில் எறும்பும் சின்ன ஈக்களும்

எறும்பு வந்தால் காய் அளவுக்கு மேல் நேரம் கிடந்திருக்கிறது. சாதாரண நாளில் இரண்டு மணி நேரம், சித்திரை வைகாசி வெயிலில் ஒரு மணி நேரம். அதற்குள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். பப்பாளியும் வாழைப்பழமும் இன்னும் சீக்கிரம் புளிக்கும். கிண்ணம் ஸ்டீலாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் அலகுக் கீறல் விழுந்து அந்தக் கீறலில் அழுக்கு தங்கும்.

கூண்டு நிற்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. எறும்புச் சாக்பீஸும் பூச்சிக்கொல்லி ஸ்ப்ரேயும் கூண்டு இருக்கும் அறைக்குள்ளேயே வரக் கூடாது. சாக்பீஸில் இருப்பதும் பூச்சிக்கொல்லிதான். அந்தத் தூள் காலில் ஒட்டினால் அலகு வழியாக வயிற்றுக்குப் போகும்.

பழம் தின்றும் தும்மல், வாயில் வெள்ளைத் திட்டு, மங்கிய இறகு

மூக்குத் துவாரத்தில் அடைப்பு, அடிக்கடி தும்மல், நாக்கின் அடியிலோ அண்ணத்திலோ வெள்ளைக் கட்டி, செதில் செதிலாக உரியும் அலகு. விதையும் ஆப்பிளுமாக வளரும் கிளியிடம் இவை சேர்ந்து தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வைட்டமின் ஏ குறைபாடு. வாயையும் மூச்சுப் பாதையையும் மூடியுள்ள மெல்லிய தோல் தடித்துப்போய், கிருமி எளிதில் குடியேறும். கட்டி வந்த பிறகு மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். உணவு மாற்றம் மட்டும் போதாது.

வராமல் தடுக்கும் வேலை நம் கையில் இருக்கிறது. ஆரஞ்சு நிறக் காய்களிலும் அடர்பச்சைக் கீரைகளிலும் உள்ள பீட்டா கரோட்டினைக் கிளியின் உடல் தேவைக்கேற்ப வைட்டமின் ஏயாக மாற்றிக்கொள்ளும். கேரட், பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, சிவப்புக் குடைமிளகாய், முருங்கைக்கீரை, பப்பாளி. எல்லாமே நம் சந்தையில் ஆண்டு முழுவதும் கிடைப்பவை. வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீரில் தோராயமாக ஊற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. வைட்டமின் ஏ உடலில் தேங்கும், மிகுந்தால் நஞ்சாகும். தண்ணீரும் சீக்கிரம் கெடும்.

முருங்கைக்கீரையில் கால்சியமும் மிகுதி. பாலக்கீரை அப்படியல்ல. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. வாரத்தில் ஒரு நாள் கொடுப்பதில் தவறில்லை, தினமும் வேண்டாம். முட்டையிடும் பெட்டைக்கும், கால்சியக் குறைவால் வலிப்பு வரும் இயல்புள்ள சாம்பல் கிளிக்கும் இந்த வித்தியாசம் முக்கியம். கூண்டில் எப்போதும் ஒரு கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, மாட்டியிருக்கட்டும்.

உணவை மாற்றியதும் பெட்டை முட்டையிடத் தொடங்கிவிட்டது

வெதுவெதுப்பான மசித்த உணவு தாராளமாகக் கிடைத்தால் காக்டெயில் பெட்டை அதை இனப்பெருக்கக் காலம் என்று எடுத்துக்கொள்ளும். ஆண் இல்லாவிட்டாலும் முட்டையிடும், அடுத்தடுத்து இட்டுக்கொண்டே போகும். உடலின் கால்சியம் கரையும். வேகவைத்த கிழங்கையும் முளைப்பயறையும் குறைத்து, நறுக்கிய பச்சைக் காய்க்கு மாறுங்கள். மாலையில் விளக்கை அணைத்து நீண்ட இருட்டு கொடுங்கள். பெட்டி, மூலை, துணி மடிப்பு என்று கூடுபோல் தோன்றும் எதையும் எடுத்துவிடுங்கள். கால்களை அகட்டித் தரையில் உட்கார்ந்து முக்கி முக்கி வாலை ஆட்டினால் முட்டை சிக்கியிருக்கலாம். சில மணி நேரத்தில் உயிர் போகும் நிலை அது.

எடை ஏறிக்கொண்டே போகிறது

வேர்க்கடலை, தேங்காய், சூரியகாந்தி விதை, சாதம். இந்த நான்கையும் யார் யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று வீட்டில் விசாரியுங்கள். பாட்டி ஒரு துண்டு, பிள்ளைகள் ஒரு துண்டு என்று நாளெல்லாம் போயிருக்கும். அதிலும் பழைய வேர்க்கடலையில் பூஞ்சை நச்சு இருக்கக்கூடும்.

பொரியல் கொடுத்தேன், கிளி சோர்ந்துவிட்டது

நமக்குச் சமைத்ததில் உப்பு, எண்ணெய், வெங்காயம், பூண்டு நான்கும் இருக்கும். வெங்காயமும் பூண்டும் பறவையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. உப்பு அதன் சின்ன உடம்புக்குத் தாங்காது. காலையில் பொரியலுக்குக் காய் நறுக்கும்போதே, வாணலியில் போடுவதற்கு முன், ஒரு கைப்பிடி எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். கிளிக்கென்று தனிச் சமையல் தேவையில்லை.

அந்தக் கைப்பிடியையும் ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். திராட்சை, காலிஃபிளவர், கொத்தமல்லி, கறிவேப்பிலை ஆகியவற்றுக்கு மருந்தடிப்பது அதிகம். உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் ஊறவைக்கும் வழக்கம் உள்ளவர்கள், பிறகு நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசுங்கள். நம் உடம்புக்குத் தெரியாத சிறு அளவு பூச்சிமருந்து 35 கிராம் பறவைக்குப் பெரிய அளவு. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது, ஆனாலும் நடக்கிறது. தோல் மட்டும் சீராக மஞ்சளாகி, உள்ளே புளித்து வெளிறியிருக்கும் மாம்பழத்தைக் கிளிக்குக் கொடுக்காதீர்கள்.

ஏதோ தின்றது, திடீரென்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது

இங்கே படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டிய இடம் இது. கண் சொருகி, இறகு உப்பி, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கினால் நேரம் குறைவு.

முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது வெண்ணெய்ப்பழம். பட்டர் ஃப்ரூட் என்று விற்பது. கொடைக்கானல் கீழ்மலைப் பகுதியிலிருந்து வந்து இப்போது எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது, ஜூஸ் போட வாங்கும் வீடுகள் பெருகிவிட்டன. சதை, தோல், கொட்டை, இலை எல்லாவற்றிலும் உள்ள பெர்சின் என்ற பொருள் கிளியின் இதயத் தசையைச் சிதைக்கும். முறிமருந்து கிடையாது. ஒரு துண்டுகூட வேண்டாம், அது நறுக்கிய கத்தியைக் கழுவாமல் கிளியின் பழத்தை நறுக்கவும் வேண்டாம்.

அடுத்து, சாக்லேட், காபி, தேநீர். சீதாப்பழத்தின் விதையும் நச்சு, கிளியின் அலகு அதை எளிதில் உடைக்கும். சுளையை விதை நீக்கிக் கொடுங்கள். ஆப்பிள், பேரி விதைகளிலும் பிளம்ஸ் கொட்டையிலும் சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது. பச்சை மரவள்ளிக் கிழங்கிலும் அப்படியே. கொய்யா, மாதுளை, பப்பாளி விதைகளால் தீங்கில்லை. தக்காளிச் செடியின் இலை, தண்டு, முளைவிட்ட உருளைக்கிழங்கு இவற்றையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

வாயில் தண்ணீரோ விளக்கெண்ணெயோ பாலோ ஊற்றாதீர்கள். கிளியின் மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றுவது நுரையீரலுக்குள் போய் அதுவே கொன்றுவிடும். வாந்தி எடுக்கவைக்கவும் முயல வேண்டாம். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் மெல்லிய துணி விரித்து, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை ஒரு பக்கம் மட்டும் வைத்து, இருட்டாக மூடி எடுத்துச் செல்லுங்கள். தின்ற பொருளின் மிச்சத்தையும் எச்சம் படிந்த தாளையும் கூடவே கொண்டுபோங்கள்.

பறவையைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. சென்னையில் வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு. மற்ற ஊர்களில் இருப்பவர்கள், கிளி நலமாக இருக்கும் இந்த வாரத்திலேயே பக்கத்து மருத்துவமனைகளில் விசாரித்து, பறவை பார்ப்பவரின் எண்ணையும் அவர் இருக்கும் நேரத்தையும், ஞாயிற்றுக்கிழமை யாரை அழைப்பது என்பதையும் கேட்டு, எடை எழுதும் நோட்டின் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள்.